பேத்தியின் பிரெஞ்சு முன்னோர்

மருமகள் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். பேத்திக்காக அவள் தாய்வழி முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1600கள் வரை போக முடிகிறது! எல்லாம் கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகளின் புண்ணியம்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என அத்தனையையும் பாதிரியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பதால் தாய்வழி அறுபடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த வழியில் 'அரசரின் மகள்' ஒருத்தி கிடைத்திருக்கிறாள். 1663 முதல் 1673 வரை, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் செலவில் பிரான்சிலிருந்து இங்கே கப்பலேறி வந்து, குடியேறிகளை மணந்த சுமார் 770 பெண்களில் ஒருத்தி. பலர் தகப்பனை இழந்தவர்கள். எத்தனை துணிச்சல் வேண்டும்!

அப்புறம், அவள் கணவர் 1665இல் பிரான்சிலிருந்து வந்த கரிஞான்-சலியேர் என்ற படைப்பிரிவின் சிப்பாயா என்று பார்க்க வேண்டும். அந்தப் படையில் சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.