நன்றாக இருப்பவரின் ரத்தம்

யானைக்கால் என்றதும் எல்லோருக்கும் வீங்கிய கால்தான் நினைவுக்கு வரும். பைலேரியா கட்டுப்பாட்டுப் பிரிவின் ஆய்வகத்தில் சேரும்வரை எனக்கும் அப்படித்தான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கால் வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் புழு அகப்படாது. கபடி ஆடிவிட்டு வந்து விரலை நீட்டுகிற பையனின் ரத்தத்தில் இருக்கும்.

எங்களுடையது ராத்திரி வேலை. நம் பக்கத்து நோய்க்குக் காரணமான வூச்செரேரியா பான்கிராப்டி புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவு ஏற ஏறத்தான் தோலையொட்டிய ரத்தத்துக்கு வரும். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். ஆகவே ஊர் அடங்கும் நேரத்தில் டார்ச்சும் ஸ்லைடு பெட்டியுமாகத் தெருவில் இறங்குவோம். "தூங்குற புள்ளைய எழுப்பி ரத்தம் எடுக்குறீங்களே, நல்லாருப்பீங்களா?" என்று வாழ்த்து கிடைக்கும். நாய்களின் வரவேற்பு தனி.

விரலில் ஒரு குத்து, 20 கன மில்லிமீட்டர் ரத்தம், கண்ணாடியில் தடிமனாக ஒரு பூச்சு. காய்ந்த ஸ்லைடை மறுநாள் தண்ணீரில் வைத்தால் சிவப்பு கரைந்துவிடும். அப்புறம் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மெல்லிய உறைக்குள் வளைந்து கிடக்கும் புழுக்குஞ்சு தெரியும். உடல் நெடுக உட்கருக்கள் புள்ளி வைத்தாற்போல் இருக்கும். வால் நுனியில் மட்டும் எதுவும் இராது. அந்த வால்தான் அடையாளம். கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் இருந்த இன்னொரு யானைக்கால் புழுவான புருகியா மலாயி என்றால் வால் நுனியிலும் இரண்டு புள்ளி இருக்கும். நோய்க்கிருமியை அழகு என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் அழகுதான்.

தாய்ப்புழுக்கள் குடியிருப்பது, திசுக்களில் கசியும் நீரை வடிக்கிற நிணநீர்க் குழாய்களில். வருடக்கணக்கில் வாழும். அதுவரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தி வைத்திருக்கும். பையனுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. உள்ளே குழாய்கள் மட்டும் விரிந்து கெட்டுக்கொண்டிருக்கும். நிணநீர் வடியாமல் தேங்கிக் கால் கனக்கும்போது புழு பெரும்பாலும் செத்திருக்கும்.

அதனால்தான் வீடு வீடாகப் புழு மாத்திரை கொடுக்கப் போகும்போது பெரிய தொல்லை. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் டிஇசி மூன்று, 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒன்று. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே சார்" என்பார்கள். போதாக்குறைக்கு, ரத்தத்தில் புழுக்குஞ்சு இருப்பவருக்குத்தான் மாத்திரைக்குப் பிறகு காய்ச்சலும் தலைவலியும் அதிகம் வரும். புழுக்கள் சாகச்சாக அடங்கிக் கிடந்த எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்வதால் வருவது அது. தெருவில் ஒருவர் படுத்துவிட்டால் போதும், அடுத்த பத்து வீட்டில் மாத்திரை பரணுக்குப் போய்விடும். கையில் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் டிக் அடிப்பதை நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். கண் முன்னால் விழுங்கினால்தான் கணக்கு.

வீங்கிய கால்களோடு எனக்கு நேரடிப் பழக்கம் ஏற்பட்டது கால் பராமரிப்பு முகாம்களில்தான். ஒரு பெரியம்மா வருவார். அமாவாசை வந்தால் கவட்டியில் நெறி கட்டி, குளிர் நடுக்கி, காய்ச்சல் தூக்கியடிக்கும் என்பார். அமாவாசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய நான்காவது விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி, நூல் மாதிரி வெடிப்பு இருந்தது. பாக்டீரியா நுழைய அந்த வழி போதும். நிணநீர் ஓடாத காலில் அதைத் தடுக்கவும் ஆளில்லை. பேசினில் தண்ணீர் ஊற்றி, சோப்பை நுரைத்து, மடிப்பு மடிப்பாகக் கழுவி, பழைய வேட்டித் துணியை விரலிடுக்கில் ஒற்றி ஈரத்தை எடுத்துக் காட்டினேன். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். அப்புறம் களிம்பு.

"கால் பழையபடி ஆயிடுமா தம்பி?"

"ஆகாது பெரியம்மா. காய்ச்சல் குறையும்."

குறைந்தது. கோயிலுக்கு வேண்டிக்கொண்டதால்தான் என்று முகாமில் எல்லோரிடமும் சொன்னார். நான் வாதாடவில்லை. களிம்பு தீர்ந்துவிட்டதா என்று கேட்டு இன்னொரு டியூப் எடுத்துக் கொடுத்தேன்.