கிழக்கு லண்டனும் எங்கள் சந்தும்

ஜூன் 3
குழாய்த் தண்ணீரில் மறுபடியும் சாக்கடை வாடை. வடசென்னைப் புளியந்தோப்பில் எங்கள் சந்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒட்டி ஒட்டியே போகின்றன. தண்ணீர் நின்று அழுத்தம் குறையும்போது விரிசல் வழியே கழிவு உள்ளே புகுந்துவிடுகிறது. எதிர்வீட்டு ஆயா வாசலுக்கே வந்து சொன்னது: "காச்சாம புள்ளைக்குக் குடுத்துடாத கண்ணு." இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வாந்திபேதி.

ஜூன் 5
குழந்தைகள் தேறிவிட்டார்கள். இரவு தூக்கம் வராமல் தொழிற்புரட்சிக் கால நகரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எட்வின் சாட்விக் 1842-ல் கொடுத்த அறிக்கையில், ஆலை நகரமான மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. கிராமப்புறமான ரட்லண்டில் அதே கூலிக்காரக் குடும்பங்களுக்கு 38. பச்சைப் பிள்ளைகள் அத்தனை பேர் போனதால்தான் சராசரி அவ்வளவு கீழே இறங்கியது. படித்ததும் வயிறு கலங்கியது.

நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று சாட்விக் நம்பினார். அதனால் நாற்றம் போனால் போதும் என்று லண்டன் வீடுகளின் கழிவைத் தேம்ஸ் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்ததும் அதே ஆற்றில்தான்.

ஜூன் 8
இன்று படித்ததை மறக்க முடியவில்லை. பொறியாளர் பாசல்ஜெட் கட்டிய பெருஞ்சாக்கடை லண்டனின் பெரும்பகுதியில் வேலைசெய்யத் தொடங்கிய பிறகு, 1866-ல் கிழக்கு லண்டனில் காலரா வந்து 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பக்கத்துக்குத்தான் இணைப்பு முடியவில்லை. லீ ஆற்றில் கழிவு கலந்தது; அங்கே தண்ணீர் எடுத்த கம்பெனி அதைச் சரியாக வடிகட்டாமல் வீடுகளுக்கு அனுப்பியது.

கப்பல்துறையும் ஆலையும் கூலிவேலையும் கிழக்கில், சாக்கடை இணைப்பு மட்டும் கடைசியில். எங்கள் பக்கமும் ஹார்பர், ரயில்வே ஒர்க்‌ஷாப், எண்ணூர் அனல்மின் நிலையம் என்று ஊருக்கே உழைத்த பக்கம்தான். தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த மில் ஆட்களுக்காக. மில்லை 1996-ல் மூடிவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த சந்துகளில் இன்னும் ஜனம் நெருக்கியடித்து வாழ்கிறது. "அந்த ஜனம் சுத்தமா இருக்காது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சந்துக்குள் வரும் தண்ணீரை முதலில் முகர்ந்து பார்க்கட்டும்.

ஜூன் 11
குடிநீர் வாரிய ஆட்கள் வந்து பள்ளம் தோண்டினார்கள். துருப்பிடித்த இரும்புக் குழாய், பக்கத்திலேயே கசியும் சாக்கடை. ஓட்டைக்கு ஒட்டுப்போட்டு மூடப் பார்த்தார்கள். ஆயா நகரவில்லை: "இந்த ஒட்டு எத்தினி நாளைக்கிப்பா தாங்கும்?" பெண்கள் எல்லாரும் மனுவில் கையெழுத்துப் போட்டோம். சந்து முழுக்கப் புதுக்குழாய், அதுவும் சாக்கடையை விட்டுத் தள்ளி, அதற்கு மேல்மட்டத்தில் போட வேண்டும். மூடுமுன் எங்கள் எதிரில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். திங்கட்கிழமை மனுவோடு எல்லாரும் சேர்ந்து வாரிய அலுவலகத்துக்குப் போகிறோம்.