94 சதவீதம் சும்மா இருந்தும் 'படக்'

போன வாரம் கிடாரை லேப்டாப்பில் செருகி வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் 'படக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடி. சிபியு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தால் வெறும் 6 சதவீதம்!

மேசையின் மறுபக்கம் அட்டாரி ஃபால்கன் இருக்கிறது, 1992-இல் வந்த வீட்டுக் கணினி. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68030 சிபியு, பக்கத்திலேயே 32 மெகாஹெர்ட்ஸில் மோட்டோரோலா 56001 டிஎஸ்பி, அதாவது ஒலி மாதிரியான சிக்னல்களைக் கணக்குப் போடுவதற்கென்றே செய்த தனிச் சிப். அதில் நான் எழுதிய, ஒலியின் தன்மையை மாற்றும் 64 எண்கள் கொண்ட ஃபில்டர் ஒன்று உண்டு. ஒலியை அளந்தெடுத்த எண்கள், அதாவது சாம்பிள்கள், நொடிக்கு 49,170. ஒவ்வொன்றுக்கும் 64 முறை பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆக நொடிக்கு 31 லட்சம் பெருக்கல்.

68030-க்கு ஒரு பெருக்கலுக்கே இருபது கடிகாரத் துடிப்புக்கு மேல் ஆகும். நொடிக்கு 8 லட்சம்கூடத் தேறாது. டிஎஸ்பியோ ஒரே கட்டளையில் பெருக்கி, கூட்டி, அடுத்த இரண்டு எண்களை எக்ஸ், ஒய் என்ற தனித்தனி நினைவகங்களிலிருந்து எடுத்தும் வைத்துவிடும். நொடிக்கு 1.6 கோடி கட்டளை. இரண்டு 24 பிட் எண்களைப் பெருக்கினால் 48 பிட். கூட்டி வைக்கும் இடமோ 56 பிட். கூட்டக் கூட்ட வழிந்துவிடக் கூடாதே என்று 8 பிட் உபரியாக விட்டிருக்கிறார்கள். இந்த வேலையைச் செய்தவன் வடித்த சிப் அது.

ஆனால் அதற்கு நிரல் எழுதுவது பெரும்பாடு. எந்த எண் எக்ஸில், எது ஒய்யில் என்று கணக்குப் பார்த்தே ஒரு மாலை போனது. அந்த நிரல் வேறெங்கும் ஓடாது. அதே ஃபில்டரைச் சி மொழியில் எழுதினால் இருபது வரி, எந்தக் கணினியிலும் ஓடும். 1997-இல் எம்எம்எக்ஸ் என்ற கூடுதல் கட்டளைகளோடு இன்டெல் சிபியு வந்து, பெருக்கிக் கூட்டும் வேலை சிபியுவுக்குள்ளேயே குடியேறியதும் தனி டிஎஸ்பிக்கு யார் மெனக்கெடுவார்கள்? நானும் மாட்டேன்.

சரி, அந்தப் 'படக்' எங்கிருந்து வந்தது? லேப்டாப்பில் 64 சாம்பிள் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கையாளும் இடம்) வைத்திருந்தேன், ஒன்றரை மில்லிநொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் வைஃபை டிரைவரோ வேறெதுவோ சிபியுவைப் பிடித்துக்கொண்டால் என் சாம்பிள்கள் தாமதம். வேகம் இருக்கிறது, நேரந்தவறாமை இல்லை. 56001-இல் என் நிரலைத் தவிர வேறெதுவும் ஓடாது.

பஃபரை 256 ஆக்கினேன். சத்தம் நின்றது, ஆனால் விரலுக்கும் காதுக்கும் நடுவில் ஏதோ இழுக்கிறது. இப்போதைக்கு வைஃபையை அணைத்துவிட்டு 128-இல் வாசிக்கிறேன்.