எண்ணெய்க் கறை காட்டிய இடங்கள்

கல்லூரியின் கடைசி வருடம் தொடங்கும் முன், பேருந்து நிலையச் சுவர்களில் ஓவியம் தீட்டும் ஒரு திட்டத்தில் ஏப்ரல் முதல் மூன்று மாதம் பயிற்சியாளராக இருந்தேன். நாகர்கோவிலில் வேலை, மாதம் 12,000 ரூபாய். வீட்டில் சொன்னபோது அம்மா, "படம் வரையதுக்கு மாசச் சம்பளமா?" என்று இரண்டு முறை கேட்டாள். கேட்காமல் என்ன செய்வாள்? அதுவரை நான் வரைந்த பள்ளிச் சுவருக்கும் கோயில் மண்டபத்துக்கும் மேம்பாலத் தூணுக்கும் கிடைத்தது ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஒரு சான்றிதழும்தான். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தால் போதும் என்ற நினைப்பு எல்லா இடத்திலும் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் பிரஷைத் தொட விடவில்லை. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, "எங்க நிக்கா, எங்க உக்காரா, யாரு யாருட்ட என்ன கேக்கா, எல்லாம் எழுது" என்றார். காலை ஆறரைக்கு வந்து நின்றேன். தோவாளையிலிருந்து வரும் பிச்சிப்பூக் கூடைகள், மீன் சருவத்தோடு இறங்கும் அக்காமார், குலசேகரம் வண்டிக்கு ஓடும் பள்ளிப் பிள்ளைகள். என் நோட்டில் அதிகம் எழுதப்பட்ட வாக்கியம் ஒன்றுதான்: "மக்களே, இது குளச்சல் போற வண்டியா?" ஒரு நாள் காலையில் மட்டும் 31 தடவை. கேட்டவர்களில் பாதிப் பேர் வயதான பெண்கள். பலகையில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியவில்லை, அல்லது கண்ணுக்கு எட்டவில்லை.

திட்ட அலுவலகம் சுவரில் வரையக் கேட்டிருந்தது வேறு. விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சூரிய உதயம். நானும் 133 அடி வள்ளுவரைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அந்த வாக்கியத்தை 31 தடவை எழுதிய பிறகு மனம் வரவில்லை. அக்காவிடம் சொன்னபோது அவர் மெக்சிகோ நகர மெட்ரோவைப் பற்றிச் சொன்னார். 1969ல் அது தொடங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இறங்கும் இடம் தெரிந்துகொள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் வரைந்தார்களாம். அன்று இரவே ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் ஒரு படம் என்று புதிதாக வரையத் தொடங்கினேன். தோவாளைக்குப் பிச்சி, குளச்சலுக்கு வள்ளம், மண்டைக்காட்டுக்கு அம்மன் புற்று, குலசேகரத்துக்கு ரப்பர் மரம்.

ரப்பர் மரத்தில் தவறிவிட்டேன். சுவரில் கரிக்கோட்டில் வரைந்து வைத்திருந்ததை, ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவர், பஸ் ஏறப் போனவர், திரும்பி வந்து பார்த்தார். "வெட்டு மாறிக் கெடக்கு. எடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கமா கீழ எறங்கணும், அப்பதான் பால் நல்லா வரும்" என்று சுவரிலேயே விரலால் இழுத்துக் காட்டினார். பால் பிடிக்கும் சிரட்டையை எந்த உயரத்தில் கட்டுவது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் விரல் போன கோடுதான் இப்போது அங்கே இருக்கிறது.

மூன்றாவது வாரம் பெயிண்டர் அண்ணாச்சி வந்தார். பஸ்களின் ஊர்ப் பலகைகளைக் கையால் எழுதிப் பழகியவர். வந்ததும் சுவரை ஒரு பார்வை பார்த்தார். தரையிலிருந்து நாலடி, ஐந்தடி உயரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்பு வட்டங்கள் இருந்தன. நான் அழுக்கு என்று நினைத்து நோட்டில்கூட எழுதவில்லை. அண்ணாச்சி ஒன்றை உள்ளங்கையால் தடவி முகர்ந்தார்.

"தேங்கா எண்ண. தல சாய்ச்சு நின்னது. சுவருக்கு எண்ண தேச்சிருக்கு மக்களே, குளிப்பாட்டாம அடிச்சா பெயிண்டு நிக்காது."

எங்கே வட்டம் கறுத்திருந்ததோ அங்கே அதிக நேரம் காத்திருந்திருக்கிறார்கள். நான் இரண்டு வாரம் எழுதியதன் பாதி, பல வருடமாகச் சுவரிலேயே பதிந்து கிடந்தது. சலவை சோடா கலந்த வெந்நீரும் நார் பிரஷும் கொண்டு தேய்த்தோம். காய்ந்த பிறகு உப்புத்தாள், பிறகு பிரைமர். கடைசிப் பத்தடியை, ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதி மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில், நான் கழுவாமல் பிரைமர் அடித்தேன். முதல் மழை பெய்த வாரம் அந்த இடம் மட்டும் எண்ணெய்ச் சட்டியில் போட்ட பப்படம் போலக் கொப்பளித்து எழுந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. சுரண்டியை என் கையில் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் அரச குடும்பம் பூசை செய்த அறையின் சுவர் முழுக்க ஓவியங்கள். தலை சாய்க்க யாருமில்லாத சுவர். அதனால்தான் அத்தனை நுணுக்கம் தாங்கி நிற்கிறது என்று தோன்றியது. எங்கள் சுவரில் அதே நுணுக்கம் ஒரு வருடம் நிற்காது. திரும்பி வந்ததும் ஐந்தரை அடிக்குக் கீழே இருந்த படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடர்ந்த செம்மண் நிறத்தில் ஒரே பட்டையாக விட்டோம். படங்கள் அதற்கு மேல். சாய்கிறவர் சாயட்டும்.

ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கும் மனதில் ஆறவில்லை. எனக்கு மாதச் சம்பளம், அதனால் இரண்டு வாரம் சும்மா நின்று பார்க்க முடிந்தது. அண்ணாச்சிக்கு ஒப்பந்தக்காரர் மூலம் சதுர அடிக் கணக்கு. நின்று யோசித்த நேரத்துக்கும், சுவர் கழுவிய நாலு நாளுக்கும், பால்வெட்டுக்காரர் சொன்னதை ஒப்புக்கொண்டு மரத்தை அழித்து எழுதிய அரை நாளுக்கும் அவருக்கு ஒரு பைசா இல்லை. சுவரில் எது நிற்கும் என்று தெரிந்தவருக்கு அளந்து கூலி; தெரியாமல் வந்த எனக்கு மாதச் சம்பளம். அவருக்கு அந்த நாட்களுக்குத் தினக்கூலி கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தச் செலவுக்கு விதியில்லை என்று பதில் வந்தது. சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்காக அவர்களிடம் எனக்கு நன்றி உண்டு, அது உண்மையான நன்றி. அதனாலேயே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவருக்கு மாதச் சம்பளம் ஒதுக்கத் தெரிந்த திட்டத்துக்கு, அவருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவரின் நாளையும் கணக்கில் எடுக்கத் தெரிய வேண்டும்.

மூலையில் பெயர் எழுதச் சொன்னபோது அண்ணாச்சி பெயரை முதலில் எழுதச் சொன்னேன். அவர் தன் பெயரை எழுதவில்லை. என் பெயரைத்தான் எழுதினார், பழைய பஸ் பலகை எழுத்தில், நிழல் கொடுத்து. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அதற்கு மேலே அவர் பெயரை நான் எழுதினேன். என் எழுத்து அவர் எழுத்தின் பக்கத்தில் கோணலாகத்தான் தெரிகிறது.

டிசம்பரில், வடகிழக்கு மழை ஓய்ந்த ஒரு காலையில் அங்கே இறங்கினேன். வள்ளம் மங்கவில்லை. பிச்சிப்பூவின் ஓரத்தில் கொஞ்சம் உப்புப் பூத்திருந்தது. செம்மண் பட்டையில் எண்ணெய் வட்டங்கள் மறுபடியும் விழத் தொடங்கியிருந்தன. வள்ளத்துக்கு நேர் கீழே, முன்பு கறையே இல்லாத இடத்தில், புதிதாக ஒன்று. ஒரு பாட்டி அதில் தலை சாய்த்துக் குளச்சல் வண்டிக்குக் காத்திருந்தாள்.