அதுக்கு ஒண்டு குடு

எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுவிலிருந்து தொலைபேசி வந்தபோது என் மேசையில் ஒரு சைக்கிள் டைனமோ கிடந்தது. பக்கத்தில் ஆறேழு ஐ.சி. (சின்ன மின்சுற்றுச் சில்லுகள்), வயர் துண்டுகள், பழைய றேடியோவிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பீக்கர். "ஓம் மாஸ்டரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேணும். கடைசி மட்டும் அவரோட ஆய்வுகூடத்தில நிண்ட ஆள் நீங்கள்தானே" என்றார் அழைத்தவர். கடைசி மட்டும் நான் நிற்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

மாஸ்டர் போன மார்கழியில் காலமானார். ரொறன்ரோவில் விடிய முதலே வட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். இரவு பேஸ்மென்டுக்கு இறங்கி, முப்பது வருடமாகத் தொடாத ஒரு வேலையை மறுபடி தொடங்கினேன்.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சாரப் பாடத்தில் வரும் ஓமின் விதியை அவர் படிப்பித்த விதத்தால் வந்தது என்பார்கள் சிலர். எதைக் கேட்டாலும் முதலில் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசிப்பார், அதனால் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது.

தருக்கப் படலையை, அதாவது 0, 1 என்ற மின் நிலைகளை உள்ளே எடுத்து ஒரு 0 அல்லது 1ஐ வெளியே விடும் சுற்றை, அவர் படிப்பித்ததை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. "உங்கட வீட்டில ரண்டு படலை. தெருப் படலையும் திறக்க வேணும், உள் படலையும் திறக்க வேணும். அப்பதான் ஆள் உள்ளுக்கு வரலாம். இது அண்ட் படலை." எக்ஸ்-ஓர் என்ற படலை வந்தபோது வகுப்பே தடுமாறியது. "ஒருத்தன் தனிய வந்தால் திறக்கும். ரண்டு பேர் சேர்ந்து வந்தால் பூட்டும். ஒருத்தரும் வராட்டியும் பூட்டித்தான் கிடக்கும்." அந்தக் கடைசி வசனத்தை நான் அன்றைக்கே நெஞ்சில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

1993, யாழ்ப்பாணம். மின்சாரம் 1990 ஆனியோடு போய்விட்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்டோம். அந்தக் காலத்தில் மாஸ்டரிடம் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. சண்டை மறுபடி தொடங்க முதல் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிவந்த ஐ.சி.கள் அதற்குள்ளே, ஒவ்வொன்றும் சிகரெட் பெட்டி வெள்ளிக் கடதாசியில் சுற்றியபடி. உடம்பிலிருந்து பாயும் நிலைமின்னே அவற்றைக் கொன்றுவிடும் என்பதால் வெறுங்காலோடு நின்றுதான் தொட விடுவார். ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968இல் கொண்டுவந்த 4000 வரிசை அது. மூன்று வோல்ற்றிலிருந்து பதினைந்து வோல்ற் வரை எதையும் தாங்கும், மின்னோட்டம் மிகக் கொஞ்சமாகவே குடிக்கும். சைக்கிள் டைனமோவுக்கென்றே செய்தது போல இருந்தது. டைனமோவின் பல்பைக் கழற்ற வேண்டாம் என்றார். அந்தப் பாரம் இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றும்போது வோல்ற் எகிறிவிடும். நாலு டயோட், மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கொள்ளளவி, அதோடு எங்கள் மின்நிலையம் தயார்.

முதலில் தந்தது 40106 என்ற ஐ.சி., துடிப்பு உண்டாக்க. ஒரு தடையி, ஒரு கொள்ளளவி, அவ்வளவுதான். கொள்ளளவி நிரம்ப வெளியே 0 ஆகும், வடிய 1 ஆகும், மறுபடி நிரம்பும். நூறு கிலோ ஓம் தடையியோடு பத்து மைக்ரோ பரட் போட்டால் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு தட்டு. அதே தடையியோடு கொள்ளளவியை நூறு மடங்கு சிறிதாக்கினால் செக்கனுக்கு நூறு தட்டு, அது ஒரு ஆழ்ந்த சுருதியாகக் காதில் விழுந்தது. மெதுவாகத் துடித்தால் தாளம், வேகமாகத் துடித்தால் சுரம், இரண்டும் ஒரே பொருள். பதினேழு வயதில் அதைக் காதால் கேட்டதை நான் இன்றுவரை பெரிய பேறாக நினைக்கிறேன்.

அடுத்தது 4017, துடிப்பை எண்ணும் ஐ.சி. பத்துக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். அந்தக் கால்கள் எண் வரிசையில் இல்லாததால் படம் கீறி வைத்துக்கொண்டே வயர் பிடிக்க வேண்டும். 9ஆம் காலை 15ஆம் காலோடு இணைத்தால் எட்டில் திரும்பிவிடும், ஆதி தாளம். அந்த வயரை 6ஆம் காலுக்கு மாற்றினால் ஏழு, மிசிர சாப்பு. 1ஆம் காலுக்கு மாற்றினால் ஐந்து, கண்ட சாப்பு. ஒரு வயரை இடம் மாற்றத் தாளம் மாறுவதைப் பார்த்து, மிருதங்கம் படித்துக்கொண்டிருந்த என் கூட்டாளி வாய் பிளந்து நின்றான். பெடல் சுற்றுவது அவன் வேலை. அவன் களைத்தால் சுருதி இறங்கும்.

பிறகு இரைச்சல். எனக்கு வேண்டியிருந்தது அதுதான், மழை போல ஒரு "சோ". மாஸ்டர் 0, 1களை வரிசையாகத் தள்ளும் 4015 இரண்டும், எக்ஸ்-ஓர் படலை உள்ள 4070 ஒன்றும் எடுத்துத் தந்தார். பதினைந்து அறைகள் கொண்ட ஒரு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எல்லா 0உம் 1உம் அடுத்த அறைக்குத் தள்ளுப்படும். பதினாலாம் அறையையும் பதினைந்தாம் அறையையும் எக்ஸ்-ஓர் படலைக்குள் விட்டு, வருவதை முதல் அறைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். 32,767 தட்டுக்குப் பிறகுதான் வரிசை தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். செக்கனுக்கு முப்பதாயிரம் தட்டு விட்டால், ஸ்பீக்கரில் தகரக் கூரையில் மழை. கூர்ந்து கேட்டால் செக்கனுக்கு ஒரு தடவை அதே மழை திரும்ப வருவதும் தெரியும்.

அந்த இரைச்சலைச் செக்கனுக்குப் பத்துத் தரம் வெட்டி வெட்டி விட்டபோது அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. அடுத்த வீட்டார் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். அது அச்சொட்டாக ஹெலியின் சத்தம். அந்த இணைப்பை அன்றைக்கே கழற்றினேன், பிறகு போடவேயில்லை.

விஞ்ஞான மன்றக் கண்காட்சிக்கு "ஆதி தாளத்தில் மழை" என்று பெயர் கொடுத்தேன். வீட்டில் எல்லாம் பலகையில் திறந்தபடி, வயர்கள் முறுக்கிக் கிடந்தன. கண்காட்சிக்கென்று ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மரப்பெட்டிக்குள் வைத்து, மூடியையும் திருகாணியால் இறுக்கினேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. கூட்டாளி பெடலைச் சுற்றினான். எட்டு எல்.ஈ.டி.யும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சத்தம் மட்டும் வரவில்லை. மறுபடி சுற்றினான். இல்லை. மாஸ்டர் முன்வரிசையிலிருந்து எழுந்து, பெட்டியைக் காட்டி, "தம்பி, அதுக்கு ஒண்டு குடு" என்றார்.

மண்டபமே சிரித்தது. பழுதான றேடியோவுக்குக் கொடுப்பது போல ஒரு அடி போடச் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்வரிசையில் இருந்த விருந்தினர் ஒருவர், "அடிச்சால் எல்லாம் வேலை செய்யுமோ மாஸ்டர்?" என்று கேட்டார். முகம் எரிந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மாஸ்டர் தந்த ஐ.சி. பழசு. அது செத்துப்போச்சு."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு மண்டபத்தைப் பார்த்து, "ஓம்" என்றார். போய் இருந்துவிட்டார்.

அடுத்த நாள் பெட்டியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் சொல்லி அனுப்பினார். மணி அடித்ததும் பின் படலையால் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சில மாதத்தில் பயண ஒழுங்கு சரிவந்தது. ஒரு இரவு கிளாலிக் கடலால் வந்துவிட்டேன். புறப்பட்ட அன்று பின்னேரம் அவர் வீட்டுத் தெருவால்தான் சைக்கிளில் போனேன். படலை திறந்திருந்தது. இறங்கவில்லை.

பெட்டி வீட்டில் கிடந்தது. 1995 ஐப்பசி இடப்பெயர்வுக்குப் பிறகு அம்மா திரும்பிப் போனபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை.

இந்தப் பனிக்காலத்தில் அதே எண்களைத் தேடி வாங்கினேன். இன்றும் செய்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு டொலர் அளவில். இப்படியான கருவிகளுக்கு இங்கே ஒரு பெயரே இருக்கிறது, லுனெட்டா. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவைச் சேர்ந்த ஸ்டான்லி லுனெட்டா என்ற இசைக்கலைஞர் 1970களில் இதே ஐ.சி.களால் ஒலிக்கருவிகள் கட்டியவர். நமது ஆய்வுகூடத்தில் நடந்ததற்கு உலகத்தில் உறவு இருந்திருக்கிறது. மாஸ்டருக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்.

எல்லாவற்றையும் நேர்த்தியாகப் பற்றவைத்து, டைனமோவைச் சுற்றினேன். எல்.ஈ.டி. ஓடியது. சத்தம் இல்லை. கடையில் வாங்கிய புத்தம்புது ஐ.சி.கள். ஒவ்வொரு அறையாக மீற்றர் வைத்துப் பார்த்தேன். 0, 0, 0. பதினைந்தும் 0.

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு இருந்துவிட்டேன். ஒருத்தரும் வராட்டியும் பூட்டித்தான் கிடக்கும். பதினாலிலும் பதினைந்திலும் 0 என்றால் எக்ஸ்-ஓர் கொடுப்பதும் 0. வரிசை முழுதும் 0 ஆகத் தொடங்கினால் அது தானாக எழும்பவே எழும்பாது. எங்காவது ஒரேயொரு 1ஐ உள்ளே விட்டால் போதும், மழை தொடங்கிவிடும். வீட்டில் அந்தக் கடைசி வயரை எப்போதும் பெடல் சுற்றும்போதே கையால் பிடித்து முறுக்குவேன். அது அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணத்தில் எப்படியோ ஒரு 1 உள்ளே போயிருக்கும். ஈயம் வைத்து மூடியபோது அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். ஐ.சி. சாகவில்லை. மாஸ்டர் தந்ததில் ஒரு குறையும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே அவருக்குப் பிழை தெரிந்திருக்கிறது.

முதல் அறைக்குப் போகும் வயரைக் கழற்றி, நேர் முனையில் ஒரு கணம் தொட்டுவிட்டு, மறுபடி கொழுவினேன். பேஸ்மென்ட் முழுக்க மழை.

பாரிஸில் இருக்கும் என் கூட்டாளிக்கு அப்போதே அழைத்தேன். அங்கே விடியப்புறம். ஒன்றும் பேசாமல் தொலைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு டைனமோவைச் சுற்றினேன். எட்டு எட்டாக மழை விழுந்தது. அவன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"மாஸ்டர் அண்டைக்குச் சொன்னது இதைத்தானோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.