பெட்டிக்குள் போட்ட சுவர்க்கோழியை எண்ணி வையுங்கள்

செவ்வந்தி எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மெக்சிகோவின் பசிபிக் கரைப்பக்கத்துச் செம்முழங்கால் டரன்டுலா, அதாவது உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி, பெண். இந்த இனத்துப் பெண்கள் இருபது வருடத்துக்கு மேலும் இருக்கும் என்பதால், லண்டனில் இந்தச் சின்ன ஃபிளாட்டுக்குக் குடிவரும்போதே ஹாலில் அவளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டேன்.

போன செப்டம்பரில் சாப்பாட்டை நிறுத்தினாள். அது எனக்குப் பழக்கம்தான், தோல் உரிப்பதற்கு முன்னால் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடப்பாள், வயிற்றுப் பின்பக்கத்தில் முடி உதிர்ந்த வழுக்கை இடம் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே வரும். அதெல்லாம் தெரிந்திருந்தும், ஒருவேளை சாப்பிடுவாளோ என்று அக்டோபரில் தீனியாக இரண்டு உயிருள்ள சுவர்க்கோழிகளைப் பெட்டிக்குள் விட்டேன். மறுநாள் ஒன்றைத்தான் எடுத்தேன். இன்னொன்றைத் தின்றிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தப்பு அங்கேதான் நடந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில் எள்ளளவு ஏதோ ஒன்று துள்ளியது. டார்ச் அடித்துப் பார்த்தால் இன்னொன்று, அப்புறம் ஐந்தாறு. முதலில் ஸ்பிரிங்டெயில் (ஈரமண்ணில் துள்ளித் திரியும் நுண்ணுயிர்ப் பூச்சி மாதிரி ஒன்று) என்றுதான் நினைத்தேன், அவை இருந்தால் நல்லது, பூஞ்சையைத் தின்னும். ஆனால் இவற்றுக்கு உடம்பை விட நீளமான மீசை இருந்தது. சுவர்க்கோழிக் குஞ்சுகளேதான்.

நான் எடுக்காமல் விட்டது பெண். பின்பக்கம் இரண்டு வால்முட்களுக்கு நடுவே ஊசி மாதிரி மூன்றாவதாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் பெண், அந்த ஊசியை ஈரமண்ணில் குத்தித்தான் முட்டை வைக்கும். செவ்வந்தி வறண்ட இடத்துக்காரி என்பதால் பெட்டி முழுக்கக் காய்ந்த தேங்காய் நார்த்தூள்தான், கிண்ணத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் ஈரம் வைப்பேன். அந்த இடத்தை ஸ்பூனால் கிளறியபோது குறுநொய் மாதிரி, ஆனால் இன்னும் மெல்லிசாக, மஞ்சள் கலந்த வெள்ளையில் முட்டைகள் கொத்தாக வந்தன. ஈரமாக இருந்த நார்த்தூள் மொத்தத்தையும் அள்ளி வெளியே எடுத்தேன்.

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். தோல் உரித்த சிலந்தி பால்வெள்ளைப் பற்களோடு துணி மாதிரி கிடக்கும், அதனால் எதையும் கடிக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. பசியும் தாகமுமாக இருக்கும் ஒரு சுவர்க்கோழிக்கு அந்த நேரத்தில் அது வெறும் ஈரமான இறைச்சி. சிலந்தி காலை நீட்டுவதே உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான், அதனால் ஒரு சின்னக் கடியில் அந்தத் திரவம் கசிந்தாலே உயிர் போய்விடலாம். பூச்சி மருந்தையும் நினைத்தே பார்க்காதீர்கள், சுவர்க்கோழியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும்.

குஞ்சுகளைத் துரத்திப் பிடிக்கப் போனால் சிலந்தியும் மிரளும், வயிற்றின் மேலுள்ள அரிக்கும் மயிரை உதறி உங்கள் கண்ணில் போடும். நான் முட்டை அட்டையில் கையகலத் துண்டு ஒன்றை வெட்டி, அடியில் கேரட் வில்லை ஒன்றை வைத்து, அவள் பதுங்கும் இடத்துக்கு எதிர்மூலையில் இரவில் வைத்தேன். வேறெங்கும் ஈரமில்லாததால் எல்லாம் அங்கேயே வந்து சேர்ந்தன. விடியற்காலையில் அட்டையை நீள இடுக்கியால் மெதுவாகத் தூக்கி நேராகப் பிளாஸ்டிக் பையில் உதறினேன். முதல் நாள் பதினேழு, அடுத்த நாள் பதினொன்று. ஒன்பது இரவு இப்படியே செய்தேன், கடைசி மூன்று நாளும் கேரட்டில் பல்தடமே இல்லை. பெரிய சுவர்க்கோழி மரப்பட்டைக்கு அடியில் செத்துக் கிடந்தது, அதையும் எடுத்தேன், விட்டால் ஈ மொய்க்கும்.

அதற்கு நாலு நாள் கழித்து மல்லாந்தாள். என் மகன் ஓடிவந்து, "அப்பா, செவ்வந்தி செத்துட்டாளா?" என்றான். "இல்லடா, சட்டை உரிக்கிறா. பெட்டியைத் தொடாதே" என்றேன். மல்லாந்து கிடக்கும் சிலந்தியைத் திருப்பிப் போடக்கூடாது. அன்று ஒரே ஒரு குஞ்சாவது மிச்சமிருக்குமோ என்ற பயத்தில் இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியும்போது பழைய சட்டை ஓரமாகக் கிடந்தது, எட்டுக் காலும் முழுசாக இருந்தன, முழங்கால்கள் சுடர் மாதிரி செக்கச்செவேல் என்று.

இப்போது பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், எத்தனை போட்டேன், எத்தனை எடுத்தேன் என்று. ஆண் பூச்சி மட்டும்தான் போடுவேன், இருபத்து நாலு மணி நேரத்தில் சாப்பிடவில்லையென்றால் எடுத்துவிடுவேன். மீல்வார்ம் (தீனிக்கு விற்கும் வண்டுப் புழு) என்றால் தலையை நசுக்கித்தான் போடவேண்டும், உயிரோடு விட்டால் மண்ணுக்குள் புகுந்து சில மாதத்தில் கறுப்பு வண்டாக வெளியே வரும். தீனிக்கு வளர்க்கும் டூபியா கரப்பானும் புதைந்துகொள்ளும், அதற்கும் இதே வைத்தியம்தான். தோல் உரித்த பிறகு பல் நன்றாகக் கறுக்கும்வரை எதுவுமே போடுவதில்லை, செவ்வந்திக்கு நான் இரண்டு வாரம் காத்திருந்தேன்.

அள்ளிய நார்த்தூளை அப்படியே குப்பையில் கொட்டாதீர்கள், முட்டை அங்கேயே பொரித்துவிடும். பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போடுங்கள்.