லாச்சிக்குள் இருந்த சாதிக்காய்

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது எனக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தது. விளையாட்டுப் போட்டி, விடுதிச் சாப்பாடு, அதிபரின் பிரம்பு ஆகிய மூன்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். ஆகவே எங்கள் சரித்திர மாஸ்டரை நான் எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘உலாந்தா’. அந்தப் பாவமோ என்னவோ, முப்பத்தெட்டு ஆண்டுகளாக உலாந்தாவிலேயே, அதாவது நெதர்லாந்திலேயே, குடியிருக்கிறேன்.

முதல் பாடத்துக்கு அவர் புத்தகம் கொண்டுவரவில்லை. மேசை லாச்சியை இழுத்து ஒரு சாதிக்காயை எடுத்தார். ஓடு உடைக்காத காய். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கொட்டை கடகடவென்றது. பிறகு வாங்கு வாங்காக அதைக் கைமாற்றச் சொன்னார். கடைசி வாங்கில் இருந்த எழுவைதீவு நண்பன் முகர்ந்து பார்த்துவிட்டு, “வயிற்றுக்குச் சரியில்லை என்றால் அம்மம்மா இதை உரைத்துத் தருவார், சேர்” என்றான். வகுப்பே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

“உன் அம்மம்மா உரைக்கிற காய்க்காக ஒரு தீவுக்கூட்டத்தின் சனத்தையே அழித்தார்கள், தெரியுமா?” என்றார்.

அப்படித்தான் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டாத் தீவுகள் எங்கள் வகுப்புக்குள் வந்தன. அன்றைக்குச் சாதிக்காய் உலகத்துக்கே அந்தச் சின்னஞ்சிறு தீவுகளிலிருந்துதான் போயிற்று. 1621இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆளுநர் நாயகம் யான் பீட்டர்சோன் கூன் படையோடு போய் இறங்கினான். கொல்லப்பட்டவர்கள் போக, பட்டினியில் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் பலர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றப்பட்டார்கள். தோட்டங்கள் துண்டுபோடப்பட்டுக் கும்பினியின் ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டன. வேலைக்கு வேறிடங்களிலிருந்து அடிமைகள் வந்தார்கள்.

மாஸ்டர் இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கீறினார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. “பீரங்கியைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். பேரேட்டை யார் பார்ப்பது?” என்று கேட்டார். எந்தப் பேரரசு பாடத்தில் வந்தாலும் அவருக்கு அந்தக் கோடுதான். உரோமருக்கும் கீறினார், சோழருக்கும் கீறினார். இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்தது கும்பினிக்கு மட்டுந்தான். எழுதிவைப்பதில் அவர்கள் அப்படி ஆட்கள்.

அந்தக் கும்பினி பட்டயம் பெற்றது 1602 மார்ச் 20. முதலாகத் திரண்டது 64 இலட்சம் கில்டருக்குச் சற்று மேல். பணக்காரர்கள் மட்டும் போட்ட பணம் அல்ல அது. ஆம்ஸ்டர்டாமில் ஓர் இயக்குநரின் வீட்டில் வேலைக்கு நின்ற பெண்ணும் நூறு கில்டர் போட்டிருந்தாள் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். மாஸ்டருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு பாடவேளை முழுக்க அவளைப் பற்றியே பேசியிருப்பார். 1610இல் முதற் பங்கிலாபம் கொடுத்தபோது காசாகக் கொடுக்கவில்லை, சாதிக்காய் ஓட்டைச் சுற்றியிருக்கும் செந்நிறப் பத்திரியாக, சாதிபத்திரியாகக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் சாதிபத்திரி மூட்டையோடு நிற்கும் பங்குதாரரை மாஸ்டர் நடித்துக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

கும்பினிக்கு ஒல்லாந்தின் ஆறு நகரங்களில் ஆறு கிளைகள். அந்த நகரங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லி, யாழ்ப்பாணக் கடலின் பழைய வரைபடம் ஒன்றை விரித்தார். காரைதீவின் மேல் ஆம்ஸ்டர்டாம் என்று இருந்தது. புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ட், அனலைதீவு ரொட்டர்டாம். எழுவைதீவு ஹோர்ன்! எங்கள் நண்பன் எழுந்து நின்றுவிட்டான். அன்று முதல் அவன் பெயர் ஹோர்ன். அவனுடைய சொந்தப் பெயர் எங்களில் பலருக்கு மறந்தே போயிற்று.

இத்தனை தூரம் வந்தவர்களுக்கு நம்முடைய கரையில் என்ன வேலை? மாஸ்டரின் விடை துணியில் தொடங்கும். வாசனைச் சரக்கு விளையும் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கை விரும்பி வாங்குவாரில்லை; அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. துணி இல்லாமல் மிளகு இல்லை, சாதிக்காய் இல்லை. அதற்காகத்தான் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை எழுந்தது, 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து நாகப்பட்டினம் பறிக்கப்பட்டது. அதே ஆண்டு மூன்று மாதத்துக்கும் மேலான முற்றுகைக்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. யாழ்ப்பாணத்துக் கணக்கில் வரவுப் பக்கம் யானை. வன்னியின் சிற்றரசர்களான வன்னியர்கள் திறையாகக் கொடுத்த யானைகளும் காட்டில் பிடித்தவையும் ஆனையிறவு கடந்து நடந்து வரும். கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வியாபாரிகள் வந்து வாங்கி, ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றுவார்கள். யானையை எப்படி ஐயா கப்பலில் ஏற்றுவது என்று ஒருவன் கேட்டான். “கஷ்டப்பட்டுத்தான்” என்றார் மாஸ்டர்.

கோட்டையைப் பார்க்க அனுமதி வாங்கி எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனது 1979 என்று நினைக்கிறேன். ஐங்கோணக் கோட்டை, கொத்தளங்களுக்கு ஒல்லாந்து மாகாணங்களின் பெயர்கள். 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயத்துக்குள் கால் சுடாமல் நிற்கலாம். தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களின் எழுத்தை ஹோர்ன் விரலால் தடவித் தடவி வாசிக்க முயன்றான். அந்தத் தேவாலயம் இன்று இல்லை, போரில் போய்விட்டது. வெளியே வந்ததும் மாஸ்டர் அகழிச் சுவரின் முருகைக்கல்லைத் தட்டிக் காட்டினார். இந்த வெளிஅரண் வேலை முடிந்தது 1792இல்; 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் வந்தபோது கோட்டை சண்டையில்லாமல் கையளிக்கப்பட்டது. மூன்று வருடத்துக் கோட்டை! அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு கொத்தனாரின் வருத்தம் இருந்தது.

அந்த ஆண்டுத் தவணைப் பரீட்சையில் ‘ஒல்லாந்தர் ஆட்சி வீழ்ச்சியடைந்தது ஏன்?’ என்ற கேள்வி வந்தது. ஆங்கிலேயரின் பீரங்கி பலம், அதிகாரிகளின் ஊழல் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இருபதுக்கு எட்டு. ஓரத்தில் சிவப்பு மையால், “சரி, கணக்கு எங்கே?” என்று எழுதியிருந்தார். ஊழல் இருந்ததுதான், அதிகாரிகள் கும்பினிக் கப்பலிலேயே தங்கள் சொந்தச் சரக்கையும் ஏற்றினார்கள். கும்பினி கொழித்த காலத்திலும் சம்பளத்தோடு அது சேர்ந்தே இருந்தது என்பது மாஸ்டரின் வாதம். மாறியது வேறு. ஐரோப்பா மிளகை விட்டுத் தேயிலைக்கும் துணிக்கும் தாவியது. அவற்றில் ஆங்கிலேயர் முந்திக்கொண்டார்கள். 1770இல் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களை அனுப்பிச் சாதிக்காய் நாற்றுகளை மொரீஷியசுக்குக் கடத்தி வரச் செய்துவிட்டார். முளைக்காதபடி காய்களைச் சுண்ணாம்பில் தோய்த்து விற்ற கும்பினிக்கு அது நேரடி அடி. வருமானம் சுருங்கியும் பங்கிலாபம் சுருங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் உழைத்ததைவிடக் கூடப் பங்கிட்டார்கள், குறுங்காலக் கடனில் நாளை ஓட்டினார்கள். அதற்கு மேல் 1780இல் ஆங்கிலேயரோடு போர் வந்தது. கப்பல்கள் பிடிபட்டன, அடுத்த ஆண்டே நாகப்பட்டினம் போயிற்று. பீரங்கி வந்து சேருமுன்னரே ஐந்தொகை விழுந்துவிட்டது என்பார்.

இலங்கையில் காவலுக்கு நின்ற சுவிஸ் கூலிப்படையை அவர் கடைசிச் சான்றாக வைத்திருந்தார். படையின் சொந்தக்காரர் மியூரோன் பிரபுவை ஆங்கிலேயரின் ஆள் கிளெகோர்ன் ஐரோப்பாவில் வைத்தே பிடித்தார். சம்பளப் பாக்கியையும் சேர்த்துத் தருவதாகப் பேசி முடித்தார். படை கட்சி மாறியது. 1796 பெப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது. 1799 டிசம்பர் 31ஆம் திகதி கும்பினியின் பட்டயம் முடிந்தது. கடனை அரசாங்கம் தலையில் சுமந்தது.

இந்த நாட்டுக்கு வந்து, மொழி பிடிபடாமல் நான் தவித்த முதல் வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த இடத்தின் கதவில் ‘கந்தோர்’ என்று எழுதியிருந்தது. அலுவலகத்துக்கு அப்பா சொல்லும் சொல்! கக்கூசு, லாச்சி, துட்டு என்று வீட்டுச் சொற்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. பண்டகசாலை ஒன்றில் இருப்புக் கணக்கு எழுதினேன், இருபத்தாறு ஆண்டு. இருக்க வீடு கிடைத்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஹோர்ன் நகரத்தில்.

ஊரின் நடுச் சதுக்கத்தில், 1893இல் வைத்த பீடத்தில், கூன் நிற்கிறான். இங்கே பிறந்தவன். 2011இல் ஒரு பாரந்தூக்கி வண்டி இடித்துச் சிலை கீழே விழுந்தது. திருத்தி நிறுத்துவதா, விட்டுவிடுவதா என்று ஊர் இரண்டுபட்டது. கடைசியில் பாண்டாவில் நடந்ததையும் சொல்லும் புதிய பலகையோடு திரும்ப நிறுத்தினார்கள். என் பேத்தி அதைக் காட்டி யார் என்று கேட்டபோது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு தாளின் நடுவே கோடு கீறினேன். அவளுக்கு ஐஸ்கிரீம்தான் வேண்டியிருந்தது.

மாஸ்டர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எழுவைதீவு ஹோர்ன் இப்போது கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறான். ஊர்ப் பெயர்ப் பலகையின் கீழ் நின்று நான் எடுத்த படத்தை அனுப்பியதும் இரவோடிரவாகத் தொலைபேசியில் அழைத்தான்.

“டேய், அங்கே சாதிக்காய் என்ன விலை?”

மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்தேன். இங்கே பூக்கோவாவுக்கும் பயற்றங்காய்க்கும் துருவிப் போடுகிறார்கள். உப்பு, மிளகுக்குப் பக்கத்திலேயே, சிறு கண்ணாடிப் போத்தலில், ஒரு கோப்பிக் காசுக்குக் கிடைக்கிறது. ஒரு காயை வெளியே எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். ஓடு நீக்கிய காய், சத்தமே இல்லை. அதையும் அவனிடம் சொன்னேன்.

“ஓட்டோடு எங்கேயாவது கிடைத்தால் இரண்டு வாங்கி வை. வருகிற கோடையில் வருகிறேன்” என்றான்.